லேபிளைப் பார்த்து வையுங்கள், தோழர்களே!

நாளைக் காலை மெஷினில் உட்கார்ந்ததும் ஒரு வேலை செய்யுங்கள். கழுத்தில் வைத்துத் தைக்க லேபிள் கட்டு வரும் இல்லையா, அதிலிருந்து ஒன்றை எடுத்து நிதானமாகப் படியுங்கள். நாள் முழுக்க நம் விரலைத் தொட்டுக்கொண்டு போகிற சாமான் அது. சைஸ் நமக்குத் தெரியும், கலர் தெரியும், இந்த லாட்டில் இன்னும் எத்தனை டஜன் பாக்கி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். யாருக்குத் தைக்கிறோம் என்று கேட்டால் மட்டும் விழிப்போம். எழுத்துக் கூட்டியாவது அந்தப் பெயரை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பக்கத்திலேயே கம்பெனி பெயரும் தேதியும்.

லேபிளை எழுதி வைத்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்குச் சாவார் கதையைச் சொல்ல வேண்டும். பலமுறை கேட்டிருப்பீர்கள். இன்னொரு முறை கேளுங்கள், காரணம் இருக்கிறது.

டாக்காவை ஒட்டியிருக்கிற ஊர் சாவார். அங்கே ராணா பிளாசா என்று எட்டு மாடிக் கட்டடம். கீழே கடைகள், ஒரு வங்கி. மேலே ஐந்து கார்மெண்ட்ஸ் கம்பெனிகள். மேல்மாடிகள் முறையான அனுமதியில்லாமல் ஏற்றிக் கட்டியவை. 2013 ஏப்ரல் 23 அன்று கட்டடத்தில் விரிசல் விட்டது. வங்கிக்காரர்கள் அன்றைக்கே பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கடைகளும் மூடின. தையல்காரர்களை மட்டும் மறுநாள் காலை வேலைக்கு வரச் சொன்னார்கள். வராவிட்டால் சம்பளத்தில் கை வைப்போம் என்றார்கள். மாதக் கடைசி. வாசலில் தயங்கி நின்றவர்களும் உள்ளே போனார்கள். நாமாக இருந்தால் போயிருக்க மாட்டோமா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

கரண்ட் போனது. மேல்மாடிகளில் வைத்திருந்த ஜெனரேட்டர்கள் ஓட ஆரம்பித்தன. ஜெனரேட்டர் ஓடும்போது தரை எப்படி அதிரும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், உள்ளங்காலுக்குத் தெரியும். அந்த அதிர்வைத் தாங்க முடியாமல் கட்டடம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. 1,134 பேர் செத்தார்கள். ஏறக்குறைய 2,500 பேருக்குக் காயம். கையையோ காலையோ அறுத்துத்தான் சிலரை வெளியே எடுக்க முடிந்தது.

அது நடந்தது அவர்கள் நேரத்துக்குக் காலை எட்டு ஐம்பத்தேழு வாக்கில். அவர்களுக்கும் நமக்கும் அரைமணி நேரம்தான் வித்தியாசம். நம் கடிகாரத்தில் எட்டு இருபத்தேழு. அதாவது, நாம் டிபன் பாக்ஸை ஜன்னலோரம் வைத்துவிட்டு மெஷினுக்கு எண்ணெய் விடுகிற நேரம்.

இனி லேபிள் விஷயத்துக்கு வருகிறேன். இடிபாட்டைத் தோண்டியபோது அங்கிருந்த சங்கத் தோழர்கள் உடல்களோடு சேர்த்து இன்னொன்றையும் தேடினார்கள். லேபிளும் ஆர்டர் காகிதமும். ஏனென்றால் அங்கே எங்கள் சரக்கு எதுவும் ஓடவில்லை என்று வெளிநாட்டுப் பிராண்டுகள் சில கையை விரித்துவிட்டன. கட்டைவிரல் அகலமுள்ள அந்தத் துணித்துண்டுதான் சாட்சி சொன்னது. அந்த லேபிள்களின் படங்களைப் பிடித்துக்கொண்டு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் துணிக்கடை வாசல்களில் ஜனங்கள் நின்றார்கள். உலகத் தொழிற்சங்கங்கள் விடாமல் நெருக்கின. அடுத்த மாதமே, 2013 மே மாதத்தில், தீ மற்றும் கட்டடப் பாதுகாப்புக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. நல்லெண்ண அறிக்கை இல்லை, மீறினால் சட்டப்படி கேள்வி கேட்கக்கூடிய ஒப்பந்தம். 200-க்கு மேல் பிராண்டுகள் அதில் சேர்ந்தன. ஏறக்குறைய 1,600 ஆலைகளில் தூண், படிக்கட்டு, வயரிங், அவசர வழி எல்லாம் சோதனைக்கு வந்தன. பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதி மூன்று கோடி டாலரைத் தொட 2015 ஜூன் வரை இழுத்தது. இரண்டு வருஷம் வாசல் வாசலாக நின்று வாங்கிய பணம். அந்த ஒப்பந்தம் பிறகு பாகிஸ்தானுக்கும் போனது.

உலகக் குடிமகன், உலகக் குடிமகள் என்று இப்போது நிறையப் பேர் பேசுகிறார்கள். நம் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில்கூட வருகிறது. உலக உருண்டையைச் சுற்றிக் கைகோத்து நிற்கிற குழந்தைகள் படம் போட்டிருப்பார்கள். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டால் இரண்டு பேர் நினைவுக்கு வருகிறார்கள். சாவார் மண்ணில் லேபிள் பொறுக்கியவர் ஒருவர். சாவார் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாமல், அந்த லேபிளின் படத்தைப் பிடித்துக்கொண்டு தன் ஊர்க் கடை வாசலில் நின்றவர் இன்னொருவர்.

அந்த வாரத்தில் நாம் எங்கே இருந்தோம்? நான் இருந்த இடத்தைச் சொல்கிறேன். திருப்பூரில் ஒரு டீக்கடையில் இருந்தேன். பேப்பரில் முதல் பக்கத்தில் இடிந்த கட்டடம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த காண்ட்ராக்டர் ஒருவர், நல்ல மனுஷன்தான், டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "இனி டாக்கா ஆர்டரெல்லாம் இங்கதானுங்க வரும். நமக்கு ரெண்டு வருஷத்துக்கு வேலைக்குப் பஞ்சமில்ல." நான் தலையாட்டினேன். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தத் தலையாட்டலுக்காகத்தான் இன்றைக்கு இதை எழுதுகிறேன் என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு நடந்ததைப் பாருங்கள். 2024 ஆகஸ்டில் வங்கதேசத்தில் ஆட்சி கவிழ்ந்தது, ஆலைகள் மூடிக் கிடந்தன. நம் ஊரில் மறுபடியும் அதே பேச்சு, ஆர்டர் நமக்கு. சரியாக ஒரு வருஷம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டது. வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் அப்போது 20 சதவீதம்தான். வருகிற ஆர்டர் நின்றது, ஒன்றரை ஷிஃப்ட் ஒரு ஷிஃப்டானது, உதவிக்கு நிற்கிற கைமடிப் பெண்களை முதலில் வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்கா டீக்கடையில் அந்த வாரம் என்ன பேசியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? நாம் 2013-ல் பேசியதைத்தான் வங்காளியில் பேசியிருப்பார்கள்.

ஏற்றப்பலகையில் இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஆடுகிறோம் தோழர்களே. இவன் இறங்கினால் அவன் ஏறுவான். பலகையை நடுவில் பிடித்திருக்கிற கை யாருடையது என்று மட்டும் இரண்டு பேரும் பார்ப்பதில்லை.

அந்தக் கை எப்படி வேலை செய்கிறது என்று மெர்ச்சண்டைசர்களோடு பழகியவர்களுக்குத் தெரியும். பையர் ஒரு சாம்பிளை நாலு ஊருக்கு அனுப்புவார். திருப்பூர், டாக்கா, ஹோ சி மின் நகரம், கராச்சி. எல்லோரிடமும் விலை கேட்பார். திருப்பூர்க்காரரிடம் "டாக்காவில் இதைவிடக் குறைவு" என்பார். டாக்காக்காரரிடம் "திருப்பூரில் இதைவிடக் குறைவு" என்பார். நூல் விலையைக் குறைக்க முடியாது, சாயக் கூலியை ஓரளவுக்கு மேல் அமுக்க முடியாது. கடைசியில் அமுங்குவது பீஸ் ரேட். அதற்கும் கீழே அமுங்குவது அவசர வழியின் பூட்டு. பூட்டு என்று சும்மா சொல்லவில்லை. 1911-ல் நியூயார்க்கில் டிரையாங்கிள் ஆலை எரிந்தபோது கதவு பூட்டியிருந்தது, 146 பேர் செத்தார்கள். 2012 செப்டம்பரில் கராச்சி ஆலையில் வெளியேறும் வழி அடைபட்டுக் கிடந்தது, 250-க்கு மேல். அதே வருஷம் நவம்பரில் டாக்காவுக்குப் பக்கத்தில் தஸ்ரீன் ஆலையில் நூற்றுக்கு மேல். நூறு வருஷம் ஆகியும் பூட்டு மாறவில்லை. பூட்டு தொங்குகிற ஊர்தான் மாறுகிறது.

வங்கதேசத்துத் தோழர்கள் 2023-ல் மாதச் சம்பளம் 23,000 டகா (அவர்கள் நாணயம்) கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்தார்கள். கடைசியில் கிடைத்தது 12,500. அதை வாசித்தபோது எனக்கு உறைத்தது ஒன்றுதான். அங்கே ஒவ்வொரு டகா கூடும்போதும் இங்கே நம் கழுத்தில் இருக்கிற கத்தி ஒரு நூல் தள்ளிப்போகிறது. அவர்கள் தோற்றால் அந்தக் கத்தி நெருங்குகிறது. அவர்களுக்காகப் பரிதாபப்பட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நம் கூலிப் பேச்சுவார்த்தை பாதி டாக்காவில் நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள் என்கிறேன். ஆசியத் தரை ஊதியம் என்று ஒரு கோரிக்கை 2009-லிருந்து இருக்கிறது: எந்த நாட்டில் தைத்தாலும் இதற்குக் கீழே கூலி போகக் கூடாது என்று எல்லா நாட்டுக்கும் சேர்த்து ஒரு தரை. நம் சங்கக் கூட்டங்களில் இதைப் பேசி நான் கேட்டதில்லை. பஞ்சப்படிக்காக 1984-ல் 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. எங்கள் அப்பா அதில் இருந்தார். பக்கத்துத் தெருக் கம்பெனி குறைந்த கூலிக்கு ஓடினால் தன் போராட்டம் செத்தது என்று அவருக்குத் தெரியும், அதனால் பக்கத்துத் தெருவுக்குப் போய் நின்றார். இன்றைக்குப் பக்கத்துத் தெரு சாவாரில் இருக்கிறது.

நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். நம் தொழிலிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1862. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். தெற்கு மாநிலங்களின் துறைமுகங்களை லிங்கனின் கப்பல்கள் அடைத்துவிட்டன. அடிமைகள் பறித்த பஞ்சு இங்கிலாந்துக்கு வரவில்லை. லங்காஷயர் மில்கள் நின்றன. அடுப்பெரியாத வீடுகள், கஞ்சித்தொட்டி வரிசைகள். அடைப்பை உடைத்துப் பஞ்சைக் கொண்டுவா என்று அரசாங்கத்தை நெருக்க ஆட்கள் தயாராக இருந்தார்கள். அந்த நேரத்தில், 1862 டிசம்பர் 31 அன்று, மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் மண்டபத்தில் தொழிலாளிகள் கூடி, அடிமை ஒழிப்பின் பக்கம் நிற்கிறோம் என்று லிங்கனுக்குக் கடிதம் அனுப்பினார்கள். மறுமாதமே அவர் நன்றி எழுதினார். லங்காஷயர் முழுக்க அப்படியே நினைத்தது என்று கதை கட்ட மாட்டேன். பஞ்சு வந்தால் போதும் என்றவர்களும் இருந்தார்கள், பக்கத்திலேயே லிவர்பூல் தெற்கின் பக்கம் சாய்ந்து நின்றது. எல்லோருக்கும் பசி இருந்தது என்பதால்தான் அந்த மண்டபத்தில் கை தூக்கியவர்களை நான் மதிக்கிறேன். கண்ணால் பார்க்காத ஒருவரின் முதுகில் விழும் சவுக்குக்கும் தன் தறியில் ஓடும் நூலுக்கும் சம்பந்தம் உண்டு என்று ஒத்துக்கொண்டவர்கள் அவர்கள்.

அதே லங்காஷயருக்கு 1931-ல் காந்தி போனார். அந்நியத் துணிப் புறக்கணிப்பால் வேலை போன நெசவாளிகள் இருந்த ஊருக்கே போனார். மில் பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு கையை உயர்த்தி ஆர்ப்பரிக்கிற படம் இருக்கிறதே, பார்த்திருப்பீர்கள். அவர்கள் சிரிப்பை நான் பல தடவை உற்றுப் பார்த்திருக்கிறேன். பொய்ச் சிரிப்பாகத் தெரியவில்லை.

வெளிநாட்டுக்குப் போவானேன், நம் நொய்யல் ஆற்றுக்கே வருவோம். சாயத் தண்ணீர் ஒரத்துப்பாளையம் அணை வரைக்கும் போய், கீழேயிருந்த விவசாயிகளின் கிணறு கெட்டது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது நாம் யாரைத் திட்டினோம்? வழக்குப் போட்ட விவசாயிகளை. சட்டை கப்பலேறிப் போனது, சாயம் இங்கேயே தங்கியது, அந்தச் சட்டைக்கு ஆர்டர் கொடுத்த பையரின் பெயரை யாரும் கேட்கவில்லை. அப்போதும் லேபிளைப் படிக்கவில்லை நாம்.

இனிச் சொல்லப்போவது எனக்கே கசப்பானது. டாக்காகூடத் தூரம். பக்கத்து மெஷின் எவ்வளவு தூரம்?

சில வருஷத்துக்கு முன் நான் பேட்லாக் தையல் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த கம்பெனியில் பக்கத்து மெஷினுக்கு ஒரு பையன் வந்தான். நாங்கள் எல்லோரும் அவனை "இந்திக்காரா" என்று கூப்பிட்டோம். ஒருநாள் ராத்திரி ஏழு மணிக்கு மேல், ஷிப்மெண்ட் அவசரம், ஊசி அவன் சுட்டுவிரல் நகத்தின் வழியே இறங்கி உள்ளேயே முறிந்துவிட்டது. அவன் கத்தவில்லை. மெஷின் சக்கரத்தை இடது கையால் பின்னுக்குச் சுற்றி விரலை எடுத்தான். வெள்ளைத் துணியில் ரத்தம் பட்டுவிடக் கூடாது என்று கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான், பள்ளிக்கூடத்தில் விடை சொல்லக் கை தூக்குகிற பிள்ளை மாதிரி. சூப்பர்வைசர் வந்து முதலில் பார்த்தது துணியை. "வேஸ்ட்டைச் சுத்திட்டு உக்காரு, பத்து டஜன்தான் பாக்கி." நம் ஊர்ப் பையனாக இருந்திருந்தால் லைனே எழுந்திருக்கும். ஒருவரும் எழவில்லை. சங்க உறுப்பினர் அட்டை என் சட்டைப் பையில் இருந்தது. நானும் எழவில்லை.

பல நாள் கழித்து டீ நேரத்தில் அவனே சொன்னான்: "நான் இந்தி இல்ல அண்ணா. ஒடியா." அவன் ஊர்க்காரர்கள் பாதிப் பேர் சூரத்தில் தறி ஓட்டுகிறார்களாம். "அங்க துணி, இங்க பனியன்" என்று சிரித்தான். விரல் நுனி கோணலாகவே ஆறியிருந்தது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத்தவரை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவியதே, அப்போது மூட்டையைக் கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டான். வீடியோ பொய் என்று போலீஸ் சொன்னது, நாமும் சொன்னோம், பொய்தான். ஆனால் இத்தனை வருஷம் நம்மோடு உட்கார்ந்து தைத்தவன் அதை ஏன் நம்பினான்? அவன் விரலை நினைத்துப் பார்த்தால் எனக்கு விடை தெரிகிறது.

'யாதும் ஊரே' என்ற பூங்குன்றனார் பாட்டை மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்குவதில் நாம் கெட்டிக்காரர்கள். இறங்கி வந்ததும், வாடகைக்கு அறை கேட்டு நிற்கிற பீகார்க்காரரிடம் காலி இல்லை என்போம். நம் வீட்டுப் பிள்ளையை மலேசியாவிலோ துபாயிலோ இப்படி நடத்தினால் கொதிக்கிறோம், மனுக் கொடுக்கிறோம், எம்.பி.யைப் பார்க்கிறோம். சரிதான், கொதிக்க வேண்டியதுதான். அந்தக் கொதிப்பில் ஒரு டம்ளர் இந்தப் பக்கமும் ஊற்றலாம்.

நமக்கு இது புதிதும் இல்லை. சிகாகோவில் 1886-ல் செத்தவர்களுக்காக 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் கொடியேற்றினார். சிகாகோவில் அவருக்கு மாமன் மச்சான் யாரும் இல்லை. வருஷா வருஷம் அந்தக் கொடியை நாமும் ஏற்றுகிறோம், மிட்டாய் கொடுக்கிறோம். அதற்கு ஒரு வாரம் முன்னால், ராணா பிளாசா விழுந்த ஏப்ரல் 24 வருவது மட்டும் நம் காலண்டரில் இல்லை.

இந்த வருஷத்திலிருந்து அந்த நாளும் இருக்கட்டும்.

ஏப்ரல் 24 காலை எட்டு இருபதுக்கு ஒவ்வொரு கம்பெனி கேட்டிலும் வந்து நில்லுங்கள். எட்டு இருபத்தேழுக்குப் பேச்சை நிறுத்துங்கள். எட்டரைக்கு மணி அடிக்கும், அதுவரை மூன்று நிமிஷம் மௌனம். முதலாளிக்கு ஒரு நிமிஷ வேலைகூடக் கெடாது. ஆகவே தடுக்கிறவர்கள் வேறு காரணம்தான் தேட வேண்டியிருக்கும். உள்ளே போனதும் மெஷினுக்குப் போகும் முன் அவசர வழிக் கதவைத் தள்ளிப் பாருங்கள். திறந்தால் நல்லது. பூட்டியிருந்தால், அட்டைப்பெட்டி அடுக்கி அடைத்திருந்தால், அன்றைக்கே நோட்டில் எழுதுங்கள், லேபிள் பெயருக்கு நேரே. ஜெனரேட்டர் எந்த மாடியில் இருக்கிறது, தூணில் கீறல் உண்டா, படிக்கட்டில் சரக்கு கிடக்கிறதா, அதையும். ஆடிட்டுக்கு முந்தின நாள் மட்டும் திறக்கிற கதவுகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கதவு மற்ற நாட்களில் எப்படி இருக்கிறது என்று ஆடிட்டருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும்.

இந்த நோட்டுகள் சங்கத்துக்கு வந்து சேரட்டும். இந்தப் பிராண்டுக்கு இந்தக் கம்பெனி தைக்கிறது, கதவு இப்படி இருக்கிறது என்று கையில் இருந்தால், அந்தப் பிராண்டின் ஊரில் கடை வாசலில் நிற்கத் தயாராக இருப்பவர்களுக்கு அனுப்ப முடியும். கட்டடம் விழுந்த பிறகு மண்ணிலிருந்து பொறுக்க வேண்டாம். திண்டுக்கல்லில் நடந்ததை மறக்காதீர்கள். ஓர் இளம் பெண் தொழிலாளி 2021-ல் கொல்லப்பட்டார். அதன்பிறகு, பெண்களும் தலித் தொழிலாளிகளும் முன்னின்று நடத்துகிற ஒரு சங்கம் விடாமல் போராடி, 2022-ல் வெளிநாட்டுப் பிராண்டுகளையும் கட்டுப்படுத்துகிற ஒப்பந்தம் வாங்கியது. நம் ஊரிலிருந்து மூன்று மணி நேரப் பஸ் தூரம். அவர்களால் முடிந்தது.

இன்னொன்று, இதுதான் கஷ்டமானது. ஏப்ரல் 24 அன்று தனியாக வராதீர்கள். பக்கத்து மெஷின்காரரைக் கூட்டி வாருங்கள், அவர் பெயரைச் சரியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு. நோட்டீஸ் தமிழில் மட்டும் அடித்தால் பாதி லைனுக்குப் புரியாது. இந்தியிலும் வங்காளியிலும் ஒடியாவிலும் அடிக்கிறோம். வங்காளி நோட்டீஸைப் போட்டோ எடுத்து டாக்கா தோழர்களுக்கும் அனுப்பலாம், மொழி ஒன்றுதானே. ஒடியாவில் எழுதித் தருகிறேன் என்றிருப்பவர் அந்தக் கோணல் விரல்காரர். திரும்பி வந்துவிட்டார், இப்போது வேறு கம்பெனி, ஓவர்லாக் ஓட்டுகிறார். எழுதுவதற்கு முன் என்னிடம் ஒன்று கேட்டார்: "அன்னைக்கு நீங்க நிப்பீங்களா அண்ணா?" நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

கறுப்புப் பட்டைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். கட்டிங் வேஸ்ட்டில் கறுப்புத் துணி மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. வருகிறபோது நாலு துண்டு கூடுதலாகக் கிழித்து வாருங்கள், தெரியாமல் வந்து நிற்கிறவர்களுக்குக் கொடுக்க.